பேயும் பிறப்பும்

பேய்க் கதை என்ற சொல்லைக் கேட்டவுடனே முகஞ் சுளிக்கும் அன்பர்கள் நம் வாசகர்களுள் பலர் உளர் என்பதை நாம் அறிவோம். அவர்கள் சுளிப்பதில் நியாயம் இல்லாமலும் இல்லை. பேயின் பெயரால் நம் மக்களிடம் பறிக்கப்பட்ட கோழிகளுக்கும் சாராயப் புட்டிகளுக்கும் கணக்கேது? தோட்டத்து லயத்தில் ஒரு பெண் காய்ச்சல் கண்டு பிதற்றினால், மருத்துவமனைக்கு ஆள் போவதற்கு முன்னே கோடாங்கி வீட்டுக்கு ஆள் போன காலம் ஒன்றிருந்தது. வேப்பிலை அடியிலும் மிளகாய்ப் புகையிலும் நோயாளிகள் பட்ட பாட்டைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். அங்ஙனமிருக்க, பேயைப் பற்றிய நூலொன்றை இந்த இலக்கியப் பகுதியில் ஆராயப் புகுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம்.

ஆனால் பேயை மெய்யென்று விற்பது வேறு. கற்பனையென்று தெரிந்தே அதைக் கதையாக்கி மகிழ்வது வேறு. முன்னது வியாபாரம், பின்னது கலை. கலையென்று வந்துவிட்டால் அதனிடம் நாம் கேட்கும் கேள்வியும் மாறிவிடுகிறது. பேய் உண்டா இல்லையா என்று அங்கே வாதிப்பதில் பயனில்லை. இந்தக் கதை எதைக் கண்டு நம்மை அஞ்சச் சொல்கிறது என்பதே கேள்வி. நம் தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடம் நான்கென்று வகுத்தார். அணங்கு ஒன்று, விலங்கு ஒன்று, கள்வர் ஒன்று. நான்காவதாக அவர் வைத்தது அரசனை. பேயையும் புலியையும் திருடனையும் அரசனையும் ஒரே வரிசையில் நிறுத்திய அந்தத் துணிவை எண்ணி எண்ணி நாம் வியந்ததுண்டு. இந்த ஆராய்ச்சிக்கு அவ்வரிசையே நமக்கு அளவுகோலாகப் போதும்.

நாம் எடுத்துக்கொண்டது ‘வான் ரிக்டனின் ரேவன்லாஃப்ட் வழிகாட்டி’ என்னும் ஆங்கில நூல். அமெரிக்காவிலுள்ள விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனியார் 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்டது. 256 பக்கங்கள் கொண்டது. இது கதைப் புத்தகமன்று. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டுக்குரிய துணைநூல். அவ்விளையாட்டை 1974ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் உருவாக்கி வெளியிட்டனர். அறியாதார் பொருட்டுச் சிறிது விளக்குவோம். ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்வர். அவருள் ஒருவர் கதை நடத்துபவர். நம் தெருக்கூத்துக் கட்டியங்காரனைப்போல, இடத்தையும் காலத்தையும் எதிர்ப்படும் ஆட்களையும் அவர் வாயாலேயே படைத்துக் காட்டுவார். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, “கதவைத் திறக்கிறேன்”, “அவனோடு பேசிப் பார்க்கிறேன்” என்று தம் செயலைச் சொல்வர். அச்செயல் பலித்ததா இல்லையா என்பதை இருபது முகங்கொண்ட பகடையொன்று தீர்மானிக்கும். வேடமில்லை, மேடையில்லை, வென்றவர் தோற்றவர் என்பதுமில்லை. ஒரே கதை மாதக் கணக்கில் நடப்பதும் உண்டு. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இதை ஆடுவோர் இருக்கின்றனர். பெற்றோர் இது என்னவோ என்று மிரள வேண்டியதில்லை. சீட்டாட்டத்தில் போகும் காசை விட இதில் போவது குறைவு.

ரேவன்லாஃப்ட் என்பது இவ்விளையாட்டின் அச்சச் சுவைப் பகுதி. 1983ஆம் ஆண்டில் டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் என்னும் தம்பதியர் எழுதிய ஒரு சிறு நூலிலிருந்து அது கிளைத்தது. பாரோவியா என்னும் பள்ளத்தாக்கு. மூடுபனி சூழ்ந்த அந்நாட்டை ஸ்டிராட் என்னும் பிரபு ஆள்கிறான். தம்பி மணக்கவிருந்த பெண்ணைத் தான் விரும்பி, திருமண நாளன்றே தம்பியைக் கொன்று, அவள் கோட்டை மேலிருந்து குதித்து உயிர்விடக் காரணமாகி, இரத்தம் குடிக்கும் சாவாப் பிணமாகிப் போனவன். பிற்காலத்து நூல்கள் இதை விரித்து, பனியாற் பிரிக்கப்பட்ட பல நாடுகள் என்றும், நாடொன்றுக்கு இப்படியொரு ‘இருள் தலைவன்’ என்றும் பெருக்கின. நம் தொல்காப்பியனார் வரிசையை நினைவூட்டுவோம். ஸ்டிராட் அணங்கும் ஆவான், அரசனும் ஆவான். அவன் ஏவலுக்கு ஓநாய்கள் உண்டு. கள்வராக வைக்கப்பட்டவர் யாரென்பதைப் பின்னே சொல்வோம்.

முதலில் பிறப்பைப் பற்றிப் பேசவேண்டும். இவ்விளையாட்டில் ஒருவன் பாத்திரம் ஏற்கும்போது, அப்பாத்திரத்தின் ‘இனம்’ எதுவென்று தேர்ந்தெடுப்பது தொடக்கத்திலிருந்தே வழக்கம். மனிதனா, குள்ளனா, எல்ஃப் என்னும் வனத்து மகனா, ஆர்க் என்னும் முரட்டுச் சாதியானா என்பதைப் பொறுத்து அவனுடைய உடல் வலியும் அறிவும் அழகும் எண்களால் கூட்டப்பட்டன, குறைக்கப்பட்டன. 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வோலோவின் வழிகாட்டி’ என்னும் துணைநூலில், ஆர்க் பாத்திரம் ஏற்பவனுக்கு வலிமையில் இரண்டு கூட்டி அறிவில் இரண்டு குறைத்து விதி எழுதியிருந்தார்கள். பிறந்த குலத்தால் அறிவு குறையும்! மனு நூலைப் பற்றிக் கேள்விப்பட்ட நமக்கு இது புதிய செய்தியன்று. கற்பனை உலகத்திலும் அதே கணக்கு நடக்கிறதே என்பதுதான் செய்தி. தோட்டத்தில் பிறந்தவனுக்குப் படிப்பு ஏறாது என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள், இந்த ‘இரண்டு குறை’யைப் பார்த்து ‘விளையாட்டுத்தானே’ என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. நல்லவேளையாக 2020ஆம் ஆண்டில் அந்தக் குறையை நீக்கினர். அவ்வாண்டு இறுதியில் வந்த வேறொரு நூல், கூட்டும் எண்களை ஆடுபவர் விரும்பியபடி மாற்றிக்கொள்ள இடந்தந்தது. 2024ஆம் ஆண்டின் புதிய பதிப்பில் ‘இனம்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டனர்.

இந்த மாறுதல் காலத்தின் நடுவில் வந்ததே நம் பேய் நூல். அதன் முதற்பகுதியில் மூவகைப் புதுப் பாத்திரங்கள் தரப்பட்டுள்ளன. அவற்றுக்குக் ‘கொடிவழி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பெயராக வைத்திருக்கிறார்கள். சொல்லோ வமிசத்தைக் குறிப்பது; பொருளோ அதற்கு நேர் மாறு. ஏனெனில் இம்மூன்றும் பிறப்பால் மட்டும் வருவன அல்ல. ஒருவன் எந்தக் குலத்தவனாகவும் இருக்கலாம். கதையின் நடுவில் அவனுக்கு ஒன்று நேர்கிறது. அதனால் அவன் வேறொருவன் ஆகிறான். கூட்டும் எண்களையும் ஆடுபவரே விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். பயங்கரத்தைப் பற்றிய நூல் ஒன்று, பிறவிக் கணக்கை இவ்வளவு அமைதியாகத் தள்ளிவைத்தது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

மூன்றினுள் முதலாவது ‘டாம்பிர்’. உயிருக்கும் இரத்தப் பேய்க்கும் இடைப்பட்டவன். சுவரேறுவான், இருளில் காண்பான், மூச்சுவிடத் தேவையில்லாதவன். அவனுக்கு ஒரு பசி உண்டு. அந்தப் பசி எதன்மேல் என்பதை ஆடுபவரே தேர்ந்துகொள்ளலாம். இரத்தமாகலாம், பச்சை இறைச்சியாகலாம், பிறர் காணும் கனவாகவும் ஆகலாம். கனவைத் தின்னும் பேய் என்பது அழகிய கற்பனை. இதனினும் நாம் மெச்சுவது விதியின் அமைப்பை. டாம்பிர் தன் உயிர்வலியில் பாதியை இழந்து நிற்கும்போது, அவன் கடிக்கும் கடி பலிப்பது எளிதாகிறது. கடித்தால் இழந்த வலி திரும்பவும் கூடும். அதாவது, நல்லவனாக இருப்பது எப்போது கடினமோ, அப்போதே விதி அவன் காதருகே வந்து கடி என்கிறது. ஆசிரியர் பக்கம் பக்கமாக எழுதி விளக்கவேண்டிய மனப்போராட்டத்தை ஓர் எண்ணின் ஏற்றத்தால் உணர்த்திவிட்டனர். பசி குற்றமன்று, பசித்தவன் செய்வதே குற்றம் அல்லது குணம் என்ற எண்ணம் இங்கே ஒரு சொல்லும் உபதேசமில்லாமல் வெளிப்படுகிறது.

மற்றொன்று ‘ரீபார்ன்’, இறந்து எழுந்தவன். உண்பதும் உறங்குவதும் அவனுக்கு வேண்டா. தான் முன்பு யாராயிருந்தோம் என்பது மட்டும் தெரியாது. எப்போதாவது ஒரு தொழிலைச் செய்யப் புகும்போது கை தானாகவே அதனை அறிந்திருக்கும். அதற்காக ஆறுமுகப் பகடை ஒன்றைக் கூடுதலாக உருட்டிக்கொள்ள விதி இடந்தருகிறது. எங்கே கற்றோம், யார் கற்பித்தார் என்று கேட்டால் விடையில்லை. இந்தப் பகுதியைப் படிக்கையில் நாம் சற்றே நின்றுவிட்டோம். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த பாட்டன் எந்த ஊர், என்ன தொழில் என்பதை அறியாத பேரப்பிள்ளைகள் இந்நாட்டில் எத்தனை பேர்! ஊர்ப்பெயர் போய்விட்டது, ஒரு பாட்டின் மெட்டோ, களிமண்ணைப் பிசையும் ஒரு பதமோ கையில் மிஞ்சியிருக்கிறது. நூலாசிரியர் நம்மை எண்ணி எழுதவில்லைதான். ஆயினும் நல்ல கற்பனை தான் அறியாத வீடுகளிலும் நுழைந்துவிடுகிறது.

மூன்றாவது ‘ஹெக்ஸ்பிளட்’ நமக்குப் பிடிக்கவில்லை. சூனியக் கிழவிகளின் மாயம் உடலில் ஊறியவன் அல்லது ஊறியவள் என்று பொருள். தலையில் ஓர் உயிருள்ள வளையம் முளைத்திருக்கும். தன் பல்லையோ நகத்தையோ முடியையோ பிடுங்கி ஒருவனிடம் கொடுத்தால் அதன் வழியே தொலைவிலுள்ளவனோடு மனத்தாற் பேசலாம். வேடிக்கையான திறமைகள்தாம். ஆனால் இப்பாத்திரம் தோன்றும் வழிகளுள் ஒன்றாக நூல் தருவது, பிள்ளையில்லாப் பெற்றோர் சூனியக் கிழவியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தால் பிள்ளை பிறப்பது. பெற்றோர் செய்த பேரத்துக்குப் பிள்ளை பொறுப்பாளி! முன்வாசலில் துரத்திய பிறவிக் கணக்கு கொல்லைப்புறமாக வந்துவிட்டதே. அன்றியும், தனித்து வாழும் கிழவி என்றால் சூனியக்காரி என்ற பழைய ஐரோப்பியப் பொய்யை இந்நூல் ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பொய்யினால் அக்கண்டத்தில் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் பல்லாயிரம் பெண்கள் கொல்லப்பட்டனர். கைம்பெண்ணைக் கண்டால் சகுனம் பார்க்கும் நம்மவரும் இதில் தலைநிமிர்ந்து பேச இடமில்லை.

பாடகனுக்குரிய ஒரு பிரிவில் ஆவிகளை அழைத்துக் கதை கேட்கும் வித்தையும் உண்டு. மண்டையோடு, மெழுகுவர்த்தி, ஆவிப் பலகை எல்லாம் வருகின்றன. சாமியாடியையும் குறிசொல்லியையும் எதிர்த்துப் பேசிவரும் நமக்கு இது உவப்பாயிராது என்று அன்பர்கள் எண்ணக்கூடும். மேசையில் பகடையை உருட்டி, வந்த எண்ணுக்கு ஏற்ப ஓர் ஆவிக் கதை சொல்பவனை யாரும் கும்பிடுவதில்லை, காணிக்கை வைப்பதுமில்லை. அதனால் அதை நாம் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தவேண்டியது வேறொன்று.

பாரோவியாவில் கள்வராக வைக்கப்பட்டவர் விஸ்தானி என்னும் நாடோடி மக்கள். வண்டிகளில் அலைபவர், சீட்டுப் பார்த்துக் குறி சொல்பவர், குடித்துக் களிப்பவர், கண்ணேறு போடுபவர், ஸ்டிராடுக்கு உளவு சொல்பவர் என்று பழைய நூல்கள் அவர்களை எழுதிவந்தன. 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்டிராடின் சாபம்’ என்னும் நூலிலும் பெரும்பாலும் இதே சித்திரந்தான். இது வெறுங் கற்பனை மக்கள் என்று விட்டுவிட முடியாது. ஐரோப்பாவில் வாழும் ரோமா மக்களைப் பார்த்து எழுதியது என்பது வெளிப்படை. அந்த ரோமாக்கள் யார்? சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடமேற்குப் பகுதியிலிருந்து மேற்கே சென்றவர்கள் என்று அவர்களுடைய மொழியை ஆராய்ந்தோர் நிலைநாட்டியுள்ளனர். திருடர் குலம் என்ற முத்திரையைச் சுமந்து நாட்டுக்கு நாடு துரத்தப்பட்டவர்கள். ஹிட்லரின் ஆட்சியில் இலட்சக் கணக்கில் கொல்லப்பட்டவர்கள். ஒரு கூட்டத்தை முழுதுமாகக் கள்வரென்று எழுதிவைப்பதற்கு இந்தியாவிலும் சட்டமே இருந்தது. 1871ஆம் ஆண்டில் ஆங்கில அரசு போட்ட அந்தக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பிடி 1952ஆம் ஆண்டில்தான் முற்றும் அவிழ்ந்தது. கள்ளர், குறவர் முதலியோர் அதனாற் பட்ட துன்பம் தமிழ்நாட்டில் இன்னும் மறக்கப்படவில்லை. ஆகவே கைரேகை வைத்துவிட்டு இரவு உறங்கப்போன மக்களின் பேரப்பிள்ளை, மேசையில் அமர்ந்து விஸ்தானியைத் திருடனாக நடிப்பது எவ்வளவு விகாரம்!

2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கம்பெனியார் இந்தக் குறையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, நூலைத் திருத்திப் பதிப்பித்தனர். விஸ்தானி வீராங்கனையான எஸ்மெரெல்டாவுக்கு ஒரு கால் செயற்கைக் கால். முன்பு அவள் அதை வெட்கத்தோடு மறைப்பதாக எழுதியிருந்ததையும் மாற்றினர். 2021ஆம் ஆண்டு நூலில் விஸ்தானிகள் பனிக்குள் வழி தெரிந்த பயணிகளாக, தம்முள் பலவிதத்தவரான மனிதராக வருகின்றனர். வாசகர் எதிர்ப்பாலும் வியாபார நோக்காலும் செய்த திருத்தம் என்று சிலர் ஏளனஞ் செய்வர். இருக்கட்டுமே! ஆலயக் கதவுகளும் பல ஊர்களில் பூசாரியின் மனமாற்றத்தால் திறக்கவில்லை.

இனி நமக்கு நெருங்கிய ஒரு விஷயம். இவ்விளையாட்டில் ‘ராட்சசன்’ என்ற பெயரில் ஓர் அசுரப் பிறவி உண்டு. 1977ஆம் ஆண்டின் ‘மான்ஸ்டர் மேனுவல்’ நூலில் அவனுக்கு முதன்முதல் இந்தியாவில் அறியப்பட்டவன் என்று விலாசமும் கொடுத்திருந்தனர். புலித்தலை, பின்புறம் திரும்பிய உள்ளங்கை, கையில் புகைக்குழாய். புலித்தலையை வரைந்தவர் டேவிட் டிராம்பியர் என்னும் ஓவியர். இந்த உருவம் வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1974ஆம் ஆண்டில் வந்த ‘கோல்சாக்’ என்னும் திகில் தொடரின் ஒரு கதையைக் கண்டே கைகாக்ஸ் இந்தப் பாத்திரத்தை எடுத்தார். மந்திரித்த அம்பால் இவன் சாவான் என்ற விதியும் அங்கிருந்து வந்ததே. அரக்கர் என்று புராணம் சொன்னது யாரை என்பதைப் பற்றி நம் இயக்கத்தார் அரை நூற்றாண்டுக்கு மேல் பேசியும் எழுதியும் வந்துள்ளனர். வென்றவன் எழுதிய கதையில் தோற்றவன் அரக்கனாகிறான் என்ற அந்த வாதம் ஒருபுறமிருக்க, இங்கோ வென்றவனும் இல்லை, தோற்றவனும் இல்லை. தொலைக்காட்சிப் பெட்டியில் பார்த்த ஒன்று பிறவித் தீயோன் என்ற பட்டத்தோடு நிலைபெற்றுவிட்டது.

ரேவன்லாஃப்டிலும் இந்தியச் சாயல் கொண்ட நாடொன்று முன்னரே இருந்தது. அங்கே இருள் தலைவனாக இருந்தவன் அரிஜானி என்னும் ராட்சசன். 2021ஆம் ஆண்டு நூலில் அந்நாட்டைப் புதுக்கி எழுதியவர் அஜித் ஜார்ஜ் என்னும் இந்திய வமிசாவளி எழுத்தாளர். நாட்டின் பெயர் காலகேரி; தலைமை இப்போது ரம்யா என்னும் அரசியிடம். அரிஜானி அவளுடைய உடன்பிறந்தவனாக மாறியிருக்கிறான். ரீவா என்று இன்னொரு உடன்பிறப்பும் உண்டு. அரசுரிமைக்காக மூவரும் மூண்டெழுந்து போரிட, ரம்யா மற்ற இருவரையும் கொல்வித்தாள். அவர்கள் பேயுருவில் திரும்பி வந்தனர். அவளும் செத்தும் சாகாத போர்வீராங்கனை ஆனாள். போர் ஓயவில்லை. இந்த மாற்றத்தின் நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். முன்பு நாட்டின் பயங்கரம் ஒரு ராட்சசனின் பிறப்பில் இருந்தது. இப்போது அது ஒரு சகோதரக் கொலையில் இருக்கிறது. பிறந்ததால் எவரும் இங்கே கொடியவரல்லர், செய்ததால் ஆனவர்கள். ஒரு புலித்தலையை வைத்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒப்பேற்றிய விஷயத்தை ஜார்ஜ் சில பக்கங்களில் மனித நாடகமாக்கிவிட்டார். இந்நூலின் தலைசிறந்த பகுதிகளுள் ஒன்று இது என்பது நம் அபிப்பிராயம். சேர சோழ பாண்டியர் வரலாற்றில் தாயாதிச் சண்டைகளைப் படித்தவர்க்கு இது அயலாகவும் தோன்றாது.

நிற்க. இந்நாட்டு மலாய்க்காரர் கதைகளில் வரும் பெனாங்காலனும் இவ்விளையாட்டின் 1981ஆம் ஆண்டு நூலொன்றில் இடம்பெற்றிருக்கிறது. தலை மட்டும் குடலோடு கழன்று இரவில் பறக்கும் பெண். அது பிள்ளைப்பேற்று வீடுகளைச் சுற்றும், வீட்டைச் சுற்றி முள்ளிலை கட்டினால் குடல் சிக்கிக்கொள்ளுமென்று அஞ்சி அணுகாது என்பது இவ்வூர்க் கிராமத்தார் சொல்லும் கதை. பிள்ளைப்பேற்றில் தாயும் சேயும் இறந்துகொண்டிருந்த ஒரு காலத்தின் துயரம் அந்தக் கதைக்குள் இருக்கிறது. அமெரிக்க ஆங்கில மேசைக்குப் போனதும் துயரம் உதிர்ந்து குடல் மட்டும் மிஞ்சியது. மற்றொரு நாட்டின் பேயை இரவல் வாங்குவோர் அதன் அழுகையையும் சேர்த்து வாங்கவேண்டும்.

பித்தம் பற்றிய விதிகளிலும் ஒரு நல்ல மாறுதலைக் காண்கிறோம். அச்சக் கதை விளையாட்டுகளில் மனநோயைப் பேய்க்குத் துணையாக வைப்பது நெடுநாள் வழக்கம். 1981ஆம் ஆண்டின் ‘கால் ஆஃப் கதுல்ஹு’ என்னும் வேறொரு விளையாட்டு, புத்தித் தெளிவையே எண்ணாக்கி, அது குறையக் குறையப் பாத்திரம் பைத்தியமாகும் என்று விதித்தது. அந்த விதியின் அழகை நாம் மறுக்கவில்லை. அதைப் பின்பற்றியோர் மனநோயாளியையே பூச்சாண்டியாக்கியதைத்தான் மறுக்கிறோம். நம் நூல் பைத்தியம் என்ற பேச்சைக் கைவிட்டு, அச்சம், மன அழுத்தம் என்ற இரண்டை மட்டும் விதிகளாகத் தருகிறது. இது சிறு விஷயமன்று. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தமிழ்நாட்டு ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர். பேய் பிடித்ததென்று நம்பிக் கொண்டுவந்து விட்டவர்களும் அவர்களுடைய உறவினருள் இருந்தனர்.

ஆட்டம் தொடங்குமுன் அனைவரும் கூடி, எந்த விஷயங்கள் கதையில் வரலாம், எவை வரக்கூடாது என்று பேசி முடிவுசெய்ய வேண்டுமென்றும், நடுவில் எவருக்கேனும் தாங்கவில்லையெனில் நிறுத்தலாமென்றும் நூல் கூறுகிறது. பயமுறுத்தும் ஒருவன் பயப்படுபவனிடம் முதலில் அனுமதி கேட்கவேண்டும் என்பது எவ்வளவு நாகரிகமான கருத்து! கோடாங்கி எவனும் கேட்டதில்லை.

இவ்வளவும் புகழ்ந்தாயிற்று. நம் பெருங்குறையைச் சொல்லவேண்டும். அது தொல்காப்பியனார் நான்காவதாக வைத்த அரசனைப் பற்றியது.

ரேவன்லாஃப்டின் அடிப்படைத் தத்துவம் இது. பெருங்குற்றம் செய்த தலைவனை ‘இருட் சக்திகள்’ என்னும் பெயர் தெரியாத ஆற்றல்கள் அவனுக்கென்றே ஆக்கிய நாட்டில் சிறைவைக்கின்றன. அவன் விரும்பியது எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் நின்று நழுவும். ஸ்டிராடின் கண்முன் அந்தப் பெண்ணின் ஆவி வெவ்வேறு பிறவியில் திரும்பத் திரும்ப வரும். அவளை அவன் அடையமாட்டான். டெமன்ட்லியூ என்னும் நாட்டில் சைத்ரா என்பவள் பெருங்குடிப் பிறப்பாளாக வேடமிட்டவள். வாரந்தோறும் பெரு விருந்து நடத்துகிறாள். வேடம் வெளிப்பட்ட விருந்தினர் அழிந்துபோவர். அவளும் தன் வேடம் எப்போது கலையுமோ என்று செத்துச் செத்துப் பிழைக்கிறாள். அந்நாட்டார் அனைவரும் உள்ளே பட்டினி, வெளியே பட்டு. கடன் வாங்கி மண்டபம் பிடித்துக் கலியாணம் செய்யும் நம் பட்டணத்தார் இந்த அத்தியாயத்தை ஒருமுறை படிக்கவேண்டும்.

குற்றவாளிக்கு அவன் குற்றமே தண்டனை என்பது கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிறைக்குள் அவனோடு அடைக்கப்பட்ட குடிகள் செய்த குற்றம் என்ன? அவர்கள் ஒருவரையும் கொல்லவில்லை, ஒரு வேடமும் போடவில்லை. தலைவன் துன்புறுவதற்கு வேண்டிய மேடைத் திரையாக அவர்கள் அங்கே நிறுத்தப்பட்டிருக்கின்றனர். ‘ஸ்டிராடின் சாபம்’ நூலில் பாரோவியா மக்களுள் பெரும்பாலோர்க்கு ஆன்மாவே இல்லை என்று எழுதியிருக்கிறது. பார்வைக்கு மற்றவரைப்போல இருப்பர், ஆனால் களையின்றி, கற்பனையின்றி, சொன்னதற்கு அடங்கிப் போவார்களாம். தோட்டத்துரைமாரும் ஒரு காலத்தில் தம் கூலிகளைப் பற்றி ஏறத்தாழ இப்படித்தான் எண்ணினர். ஆன்மா இல்லாதவன் என்று எழுதிவிட்டால் அவன் துன்பத்துக்குக் கணக்கு வைக்கத் தேவையில்லை அல்லவா? அந்நூலின் முடிவைக் கேளுங்கள். வீரர்கள் மாதக்கணக்கில் போராடி ஸ்டிராடைக் கொல்கின்றனர். பனி விலகுகிறது. ஆனால் இருட் சக்திகள் காலப்போக்கில் அவனை மீண்டும் எழுப்பிவிடும். பனி மறுபடியும் சூழும். குடிகள் மறுபடியும் குடிகள். பிறப்பு என்னும் விலங்கை உடைத்தவர்கள் விதி என்னும் விலங்கைக் கைவைக்காமல் விட்டுவிட்டார்கள்.

இது அச்சச் சுவைக்கு இன்றியமையாதது, நம்பிக்கை இருந்தால் பயம் போய்விடும் என்று வாதிப்போர் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. என்ன செய்தாலும் ஒன்றும் மாறாது என்று தெரிந்துவிட்டால் மனிதன் அஞ்சுவதில்லை, சலித்துப் போகிறான். இழப்பதற்கு ஒன்று இருப்பவனே அஞ்சுவான். தீ மூட்டத் துணிந்த குடியானவனின் கதவை நள்ளிரவில் யாரோ தட்டும்போது பிறக்கும் அச்சம், கோட்டைக்குள் ஐந்நூறு ஆண்டு அழுது கிடக்கும் பிரபுவின் துயரத்தினும் பல மடங்கு கூர்மையானது. இதனைக் காலகேரிப் பகுதியில் ஜார்ஜ் ஓரளவு உணர்ந்திருக்கிறார் என்று சொல்லலாம். அங்கே மூன்று கட்சிகள் மோதுவதால், மக்கள் எந்தப் பக்கம் நிற்பது என்ற தேர்வாவது ஆட்டத்தில் எழுகிறது. மற்றப் பல நாடுகளில் அதுவும் இல்லை. முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளை நூல் பேசுகிறது. விரிவாக எழுதப்பட்ட நாடுகளில் தலைவனின் துயரமே முன்னிற்கிறது. குடிகளில் ஒருவனுடைய பெயரையேனும் நாம் நூலை மூடியபின் நினைவுகூர முடியவில்லை.

ஆயினும் இவ்விளையாட்டில் அச்சிட்ட எழுத்து கடைசி எழுத்தன்று. கதை நடத்துபவர் மாற்ற நினைத்தால் மாற்றலாம். நூலே அதற்கு இடந்தருகிறது. பாரோவியாவில் ஆட்டம் தொடங்க எண்ணும் இளந்தோழர்கள் கோட்டை வாசலை விட்டு, டாம்பிர் ஆகிவிட்ட மகன் ஒருவன் பசியோடு திரும்பி வரும் ஒரு விவசாயியின் வீட்டில் கதையைத் தொடங்கிப் பார்க்கலாம். ஸ்டிராட் செத்த மறுநாள் காலையில் அவ்வூரார் கூடிப் பேசுவது என்னவென்று ஒரு மாலை முழுதும் ஆடியும் பார்க்கலாம். அதற்கு வேண்டிய பகடை அதே பகடைதான்.